கண்ணை நம்பி நோபல் வென்ற சி.வி. ராமன், கண்ணைப் பற்றி எங்கே தவறினார்?

கைப்பேசியில் ஒரு வாழைப்பழத்தின் படத்தைத் திறங்க. நல்ல பூதக்கண்ணாடி ஒன்றைத் திரைமேல் வைத்துப் பாருங்க. மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் குட்டிக் குட்டி விளக்குகள் மட்டும்தான் தெரியும். பழத்தின் மஞ்சள் பகுதியில் சிவப்பும் பச்சையும் எரிந்துகொண்டிருக்கும். பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டால் மறுபடியும் அழகான மஞ்சள் வாழைப்பழம்!

திரையில் இல்லாத மஞ்சள் எங்கிருந்து வந்தது? நம் கண்ணிலும் மூளையிலும் உருவானது. இன்றைக்குப் பள்ளிப் பாடத்திலேயே இந்த விளக்கம் உண்டு. ஆனால், உலகமே மதித்த ஒரு தமிழ் விஞ்ஞானி தன் வாழ்வின் கடைசிப் பத்தாண்டில் இந்த விளக்கத்தை ஏற்க மறுத்தார். எண்பது வயதை எட்டும் நேரத்தில் அதை எதிர்த்து ஒரு புத்தகமே போட்டார். அவர் சர் சி.வி. ராமன். அறிவியலுக்கான நோபல் பரிசை வென்ற முதல் ஆசியர்.

பிப்ரவரி 28 வந்தால் ராமனின் நோபல் கதையை எல்லாரும் சொல்வார்கள். அவருடைய நிறப்பார்வை ஆய்வைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நாம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். இதில் கெடா தோட்டங்களுக்கும், உங்கள் தாய்மாமனுக்கும்கூட கொஞ்சம் தொடர்பு இருக்கு.

ஒரே பார்வையில்

• ராமன் 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தக் கண்டுபிடிப்பின் முதல் சான்றுகளை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

• 1960-களில் பூக்களின் நிறத்தையும் மனிதப் பார்வையையும் ஆராய்ந்தார். கண்ணில் மூன்று வகை நிற உணரிகள் உள்ளன என்ற கொள்கையை மறுத்தார்.

• அதே பத்தாண்டில் அந்த மூன்று உணரிகளும் இருப்பதை அமெரிக்க ஆய்வகங்கள் நேரடியாக அளந்து காட்டின.

• ராமனின் முடிவு தவறாகப் போனது. அவர் எழுப்பிய ஒரு கேள்வி மட்டும் நியாயமானதாக நின்றது.

திருச்சியிலிருந்து கல்கத்தாவுக்கு

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே போனது. பையன் படிப்பில் படுவேகம். 11 வயதில் மெட்ரிக்குலேஷன். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. மாணவராக இருந்தபோதே 1906-இல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டனில் வெளியாகும் ஓர் அறிவியல் இதழில் வந்துவிட்டது. அதுவும் ஒளியைப் பற்றியதுதான்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட மாணவர் அடுத்து இங்கிலாந்துக்குக் கப்பலேறுவார். ராமனால் முடியவில்லை. அங்கே உள்ள குளிரை இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் இந்திய நிதித்துறைத் தேர்வு எழுதி, 1907-இல் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரி ஆனார். அதே ஆண்டில் லோகசுந்தரியுடன் திருமணமும் நடந்தது.

மருத்துவச் சான்று கிடைக்காமல் ராமன் கரையிலேயே நின்ற அதே காலகட்டத்தில், திருச்சி, தஞ்சை வட்டாரங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கெடா 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் பிடிக்குள் வந்தது. ரப்பர் பெருகப் பெருக சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் பக்கம் லயங்கள் எழுந்தன. நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் ராமனின் தலைமுறைக்காரர்கள். அதே மண், அதே மொழி. வாழ்க்கை மட்டும் வேறு திசையில் போனது.

கல்கத்தாவில் ஒருநாள் டிராமில் போகும்போது, பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை ராமன் கண்ணில் பட்டது. 1876-இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் தொடங்கிய அமைப்பு அது. அங்கே ஆய்வுக்கூடம் இருந்தது, ஆய்வு செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் உள்ளே போய் அனுமதி வாங்கினார். அன்று முதல் காலையில் அலுவலகம் போகும் முன்னும் மாலையில் திரும்பிய பின்னும் அங்கேதான் இருந்தார். இப்படியே கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள். 1917-இல் நல்ல சம்பளம் வந்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

கடல் ஏன் நீலம்?

1921-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஒரு மாநாட்டுக்காக ராமன் முதல் முறையாக வெளிநாடு போனார். திரும்பி வரும் வழியில், நார்குண்டா என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடலின் நீலம் வானத்தின் நிழல்தான் என்று பிரிட்டனின் பெரிய இயற்பியலாளர் ரேலி சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சரிதான் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

ராமன் விடவில்லை. பையில் நிக்கல் முப்பட்டகம் என்ற சிறிய ஒளியியல் கருவி ஒன்று வைத்திருந்தார். நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை, சரியான கோணத்தில் பார்த்தால் அது மறைத்துவிடும். வெயிலில் போடும் போலராய்டு கண்ணாடி மாதிரின்னு வச்சுக்கலாம். வானத்தின் பிரதிபலிப்பை அப்படி மறைத்துவிட்டுப் பார்த்தால், கடல் வெளிறவில்லை. நீலம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அப்படியானால் நீலம் நீருக்குள் இருந்துதான் வருகிறது.

நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே இதன் காரணம் என்று ராமன் எழுதி, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நின்றபோதே நேச்சர் இதழுக்கு அனுப்பினார். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் இந்த நீலத்துக்கு ஒரு முக்கியக் காரணம் என்பது இன்றைய விளக்கம். சிதறலும் உறிஞ்சலும் சேர்ந்துதான் கடலுக்கு நிறம் கொடுக்கின்றன. ஆனால், வானத்தின் நிழல் என்ற கதை அன்றோடு முடிந்தது. ஒரு சின்னக் கருவி, ஒரு ஜோடிக் கண். பெரியவர் சொன்னதை எதிர்க்க அவருக்கு அது போதுமாக இருந்தது. இந்தப் பழக்கத்தை நினைவில் வச்சுக்குங்க.

நோபல் பரிசும் வெறும் கண்ணும்

கடலில் தொடங்கிய கேள்வி ஏழு ஆண்டுகளில் ராமன் விளைவாக முடிந்தது. விஷயம் இதுதான். ஒரு நிற ஒளியைத் திரவத்துக்குள் செலுத்தினால், சிதறி வெளியே வரும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் இருக்கும். ஆனால் மிக மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வெளியே வரும். மூலக்கூறின் அதிர்வுக்கு ஏற்ப அந்த மாற்றம் அமையும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் அது கைரேகை மாதிரி. இன்றைக்கு மருந்துகளையும் ரத்தினக் கற்களையும் வெடிபொருள்களையும் அடையாளம் காண இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதை அவர்கள் எப்படிக் கண்டார்கள் தெரியுமா? விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் என்ற இளம் ஆய்வாளரும் ராமனும் சேர்ந்து ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு நிறக் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டார்கள். முதல் கண்ணாடி சூரிய ஒளியை ஊதா நிறமாக்கித் திரவத்துக்குள் அனுப்பும். அந்த ஊதாவை இரண்டாவது கண்ணாடி முழுக்கத் தடுக்கும். திரவத்தில் நிறம் எதுவும் மாறாவிட்டால், இரண்டாவது கண்ணாடி வழியாகப் பார்ப்பவருக்கு இருட்டுதான் தெரிய வேண்டும். ஆனால், மங்கலாக ஓர் ஒளித்தடம் தெரிந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று கையடக்க நிறமாலைமானியால் பார்த்து அதை உறுதி செய்தார்கள். ஒளியின் அளவு அவ்வளவு குறைவு என்பதால், பார்ப்பவர் இருட்டில் காத்திருந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகு புகைப்படத் தகடுகளிலும் அது பதிவானது. மாஸ்கோவில் இரண்டு விஞ்ஞானிகள் படிகங்களில் அதே விளைவைத் தனியாகக் கண்டார்கள். மற்ற நாட்டு ஆய்வகங்களும் செய்து பார்த்து, சரிதான் என்றன. 1930-இல் நோபல் பரிசு வந்தது. அப்போது ராமனுக்கு 42 வயது.

1933-இல் அவர் பெங்களூருக்குப் போனார். இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அடுத்த ஆண்டே இந்திய அறிவியல் அகாதமியைத் தொடங்கி, அதற்கென ஆய்விதழும் கொண்டுவந்தார். 1948-இல் ஓய்வுபெற்றதும் தன் பெயரிலேயே ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். இதுவரைக்கும் எல்லாம் ஏறுமுகம்.

ரோஜாத் தோட்டத்தில் புதிய கேள்வி

ராமனுக்கு நிறம் என்றால் உயிர். வைரம், முத்து, சிப்பி, பறவை இறகு, வண்ணத்துப்பூச்சி என்று நிறம் காட்டும் எதையும் விட்டுவைக்கவில்லை. 1960-களில் பூக்களின் பக்கம் திரும்பினார். ஆய்வு நிலையத்தின் தோட்டத்தில் ரோஜாக்கள் பூத்துக் குலுங்கின. ஒவ்வொரு பூவின் இதழிலிருந்தும் வரும் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். இந்தப் பூவில் எந்தெந்த நிறங்கள் கலந்திருக்கின்றன, கண்ணுக்கு ஏன் இந்த ஒரே நிறமாகத் தெரிகிறது என்று கேட்டார்.

இங்கேதான் கேள்வி பூவை விட்டுக் கண்ணுக்கு நகர்ந்தது. ஏனென்றால், ஒளிக்கு ஒரு அலைநீளம் உண்டு, அவ்வளவுதான். சிவப்பு என்ற உணர்வு நமக்குள்ளே உண்டாவது.

மூன்று உணரிகள்: அப்போது உலகம் என்ன சொன்னது?

1802 வாக்கில் தாமஸ் யங் என்ற ஆங்கில மருத்துவர் ஓர் ஊகத்தைச் சொன்னார். கண்ணில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி உணரி இருக்க இடமே கிடையாது, அதனால் மூன்று வகைதான் இருக்க வேண்டும் என்றார். அதே நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஸ்காட்லாந்தின் மேக்ஸ்வெல்லும் அந்த ஊகத்தை வளர்த்தார்கள். மூன்று நிற ஒளிகளைச் சரியான அளவில் கலந்தால் கண் பார்க்கும் ஏறக்குறைய எல்லா நிறத்தையும் கொண்டுவர முடியும் என்று மேக்ஸ்வெல் சோதனையில் காட்டினார். உங்கள் கைப்பேசித் திரை அதே கணக்கில்தான் ஓடுகிறது.

இன்று நமக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: விழித்திரையில் கூம்பு செல்கள் என்ற உணரிகள் சுமார் 60 லட்சம் உண்டு. மூன்று வகை. ஒன்று குறுகிய அலைநீளத்துக்கும், மற்றொன்று நடுத்தர அலைநீளத்துக்கும், மூன்றாவது நீண்ட அலைநீளத்துக்கும் அதிகம் துடிக்கும். மூளை இந்த மூன்றின் பதில்களையும் ஒப்பிட்டு நிறத்தை முடிவு செய்கிறது. ஒரு செல் மட்டும் தனியாக எந்த நிறத்தையும் சொல்ல முடியாது.

செம்பனைத் தோட்டத்தில் நிற்பவருக்கு இது தினசரி வேலை. பழுக்காத குலை கறுத்து இருக்கும். பழுக்கப் பழுக்க ஆரஞ்சு கலந்த சிவப்பு ஏறும். உயரத்தில், பச்சை மட்டைகளுக்கு நடுவில், பாதி நிழலில் இருக்கும் குலையைக் கீழே நின்று பார்த்து, வெட்டலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவு செய்கிறார். நடுத்தர அலைக் கூம்பும் நீண்ட அலைக் கூம்பும் சொல்லும் பதில்களின் வித்தியாசம்தான் அவருக்குக் கைகொடுக்கிறது. குரங்கினத்தில் இந்த மூன்று உணரிப் பார்வை வளர்ந்ததற்கே, இலைகளுக்கு நடுவே பழுத்த பழத்தைக் கண்டுபிடிக்கும் தேவை ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ராமன் என்ன சொன்னார்?

ராமனுக்கு மூன்று உணரிக் கொள்கை பிடிக்கவில்லை. அவருடைய முக்கியமான மறுப்பு மஞ்சளைப் பற்றியது. சிவப்பையும் பச்சையையும் கலந்தால் மஞ்சள் வரும் என்கிறார்கள். ஆனால் மஞ்சளைப் பார்க்கும்போது அதில் சிவப்பும் தெரிவதில்லை, பச்சையும் தெரிவதில்லை. அப்படியிருக்க, அதைக் கலப்பு நிறம் என்று எப்படிச் சொல்வது? அவரைப் பொறுத்தவரை மஞ்சளும் ஓர் அடிப்படை நிறம். நிறமாலையில் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும் பகுதிக்குப் பக்கத்தில் அது இருப்பதையும் அவர் கவனித்திருந்தார்.

சோதனைக்கும் அவர் தன் கண்ணையே பயன்படுத்தினார். வெளிச்சமான வெள்ளைத் திரையை நிறக் கண்ணாடி வழியாகச் சிறிது நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு கண்ணாடியைச் சட்டென்று எடுத்துவிடுவார். திரையில் ஓர் உருவம் தோன்றி மறையும். அது தன் சொந்த விழித்திரையின் பெரிதாக்கப்பட்ட படம் என்றும், உணரிகள் எங்கே எப்படி வேலை செய்கின்றன என்பதை அது காட்டுகிறது என்றும் அவர் எடுத்துக்கொண்டார்.

கண் ஆய்வாளர்களிடம் இந்த மாதிரிக் காட்சிகளுக்கு வேறு விளக்கம் ஏற்கெனவே இருந்தது. ஒரே நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குத் துடிக்கும் கூம்புகள் களைத்துப்போகும். நிறத்தை எடுத்ததும் எதிர்நிறம் தோன்றும். விழித்திரையின் நடுவில் இயற்கையாகவே ஒரு மஞ்சள் நிறமியும் இருப்பதால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி தெரியும். மேக்ஸ்வெல் காலத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள்.

தன் முடிவுகளைத் திரட்டி 1968-இல் த பிசியாலஜி ஆஃப் விஷன் என்ற நூலாக ராமன் வெளியிட்டார். மூன்று உணரிக் கொள்கைக்கு அதில் இடமே இல்லை.

அதே நேரத்தில் வேறோர் இடத்தில்

கதையின் சோகமான பகுதி இதுதான். ராமன் மறுத்துக்கொண்டிருந்த உணரிகளை மற்றவர்கள் நேரில் அளந்துவிட்டார்கள்.

1964-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் மற்றொன்று ஹார்வர்டிலும், ஒரே ஒரு கூம்பு செல்லின் வழியாக மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது எந்த அலைநீளத்தை விழுங்குகிறது என்று கணக்கிட்டன. குரங்குக் கண்ணிலும் மனிதக் கண்ணிலும் மூன்று வகைதான் கிடைத்தன. ஹார்வர்டு குழுவில் இருந்த ஜார்ஜ் வால்டுக்கு, பார்வையின் வேதியியலை விளக்கியதற்காக 1967-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ராமனின் நூல் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

பார்வை ஆய்வாளர்கள் அந்த நூலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1986-இல் ஜெரமி நாதன்ஸும் அவருடைய குழுவினரும் நிற உணரிகளுக்கான மரபணுக்களையே கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வுக்கு நாதன்ஸ் தன் சொந்த மரபணுவைத்தான் எடுத்துக்கொண்டார். மூன்று உணரிகள் உண்டா என்ற விவாதத்துக்கு அதன் பிறகு வேலையே இல்லை.

ஏன் இப்படி ஆச்சு?

வயசாகிவிட்டது, அதனால்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது சரியான பதிலாகாது. எழுபது வயதுக்கு மேலும் அவர் உற்சாகமாகத்தான் உழைத்தார். சிக்கல் வேறு இடத்தில்.

ஒன்று, அவர் தனியாகிப் போயிருந்தார். 1930-களின் இறுதியிலிருந்தே படிகங்களின் அதிர்வைப் பற்றி மேக்ஸ் போர்ன் என்ற புகழ்பெற்ற இயற்பியலாளருடன் நீண்ட சண்டை. அதிலும் பிற்காலம் போர்னின் பக்கமே நின்றது. ராமன் தன் கட்டுரைகளைப் பெரும்பாலும் தான் தொடங்கிய இதழ்களிலேயே வெளியிட்டார். இடையில் நிறுத்தி, இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க, பார்வைத் துறையைச் சேர்ந்த ஆள் பக்கத்தில் இல்லை. 1968-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியையும் அவர் துறந்தார்.

இரண்டு, கருவி. கடலைப் பார்க்கும்போது கண் கருவி, கடல் பொருள். திரவத்தில் மங்கலான ஒளியைப் பார்க்கும்போதும் அப்படித்தான். அங்கே ராமனின் கண் சொன்னதைப் புகைப்படத் தகடும், மாஸ்கோ ஆய்வகமும் சரிபார்க்க முடிந்தது. நிறப்பார்வையில் கண்ணே கருவி, கண்ணே பொருள். தனக்குத் தெரிவதை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே எத்தனை உணரி இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. அதற்குப் பலருடைய கண்கள் வேண்டும், மற்றவர்களின் சோதனையும் வேண்டும்.

வேதியியலாளர் ஜான் டால்டனின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தனக்குச் சிவப்பும் பச்சையும் மற்றவர்களைப் போலத் தெரியவில்லை என்பதை அவர் வளர்ந்து பெரியவரான பிறகுதான் உணர்ந்தார். 1794-இல் அதைப் பற்றி முதல் அறிவியல் கட்டுரையைப் படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். தான் இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டும் போனார். 1844-இல் மருத்துவர் திறந்து பார்த்தார். திரவம் தெளிவாக இருந்தது. டால்டன் ஊகம் தவறு. ஆனால் பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து 1995-இல் மரபணு எடுத்துச் சோதித்தார்கள். நடுத்தர அலை உணரிக்கான மரபணு அவருக்கு இல்லை என்று தெரிந்தது. டால்டனின் விளக்கமும் தவறுதான். ஆனால் அதைச் சோதிக்கும் வழியை அவரே திறந்துவைத்துவிட்டுப் போனார்.

அப்படின்னா ராமன் முழுக்கத் தவறா?

இல்லை. மஞ்சளைப் பற்றிய அவருடைய சந்தேகம் நியாயமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எவால்ட் ஹெரிங் என்ற ஜெர்மானியர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். மஞ்சள் கலப்பு நிறமாக நமக்குத் தோன்றுவதில்லை. சிவப்பு கலந்த பச்சையையோ மஞ்சள் கலந்த நீலத்தையோ யாரும் பார்த்ததும் இல்லை. இதற்கு என்ன காரணம்?

1950-களில் பதில் தெளிவாகத் தொடங்கியது. கூம்புகள் மூன்று வகைதான். ஆனால் அவற்றின் செய்தி மூளைக்குப் போகும் வழியில் சிவப்புக்கு எதிராகப் பச்சை, நீலத்துக்கு எதிராக மஞ்சள் என்று எதிரெதிர் ஜோடிகளாக மாற்றி எழுதப்படுகிறது. உணரி அளவில் மூன்று, உணர்வு அளவில் மஞ்சளும் ஓர் அடிப்படை நிறம். இரண்டு பக்கமும் ஒரே கண்ணில் இடம் பிடித்தன. ராமன் பிடித்த நுனி சரி. அதை வைத்து மறுபக்கம் இல்லவே இல்லை என்று முடிவு கட்டியதுதான் பிழை.

ராமன் 1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் காலமானார். தன் ஆய்வு நிலையத்தின் தோட்டத்திலேயே, அவர் ஆராய்ந்த பூச்செடிகளுக்கு அருகே தகனம் செய்யப்பட்டார். ராமன் விளைவைக் கண்ட பிப்ரவரி 28, 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு?

நீங்கள் பார்க்கும் சிவப்பு மற்றவர் பார்க்கும் சிவப்புதானா என்பதை நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ராமனுக்கும் டால்டனுக்கும் முடியாதது நமக்கும் முடியாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு–பச்சை நிறப்பார்வைக் குறைபாடு உண்டு. ஆசியர்களிடம் விகிதம் அதைவிடக் குறைவு, ஆனாலும் அரிது என்று சொல்லிவிட முடியாது. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

நிறம் தீட்டச் சொன்னால் இலைக்குப் பழுப்பு தீட்டும் பையனைக் கவனக்குறைவு என்று திட்டுவது சுலபம். செம்பனைக் குலையைத் தப்பாக வெட்டும் புதிய ஆளை மண்டோர் சோம்பேறி என்று நினைக்கலாம். அவர் கண்ணுக்கு அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியாமலும் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு நிறத்தைவிட, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்து முடிவு செய்வது நம்பகமான வழி.

இதற்கான முக்கிய மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதனால் அம்மாவின் அப்பாவுக்குக் குறைபாடு இருந்தால், அம்மாவுக்கு நிறம் நன்றாகவே தெரிந்தாலும், மகன்கள் ஒவ்வொருவருக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கும் இருக்கலாம். எஸ்.பி.எம். முடித்து விமானி, மின்னியல் என்று கனவு காணும் தம்பிகள் வீட்டில் ஒரு தடவை மாமாவிடமும் தாத்தாவிடமும் விசாரிப்பது நல்லது. அந்த மாதிரி சில வேலைகளுக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு.

சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட புள்ளிப்படத் தகடுகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நிறப்புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும். தெரிகிறதா என்று கேட்பார்கள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். கைப்பேசியில் செய்து பார்த்தால் திரையின் பிரகாசத்துக்கும் அமைப்புக்கும் ஏற்ப முடிவு மாறக்கூடும். அதனால் உங்கள் ஊரில் உள்ள கண் பரிசோதகரிடமோ கண் மருத்துவரிடமோ அச்சிட்ட தகடுகளில் பார்த்துவிடுங்க. அதிலும் வேறு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் விடை சரியாக வரும்.